மீளா இழப்பும் ஆட்ட விதியும்

நூலொன்றைத் திறனாய்வோர் அதன் அட்டையை நோக்குவதில்லை, உள்ளுறையையே நோக்குவர். விளையாட்டைத் திறனாயுமிடத்தும் இம்முறையே ஏற்புடைத்து. சதுரங்கக் காய்கள் தந்தத்தாற் செய்யப்பட்டனவாயினும் மரத்தாற் செய்யப்பட்டனவாயினும் ஆட்டம் வேறுபடுவதில்லை. விதி வேறுபடின் ஆட்டமும் வேறுபடும். கணினி வழியாக ஆடப்படும் இக்கால விளையாட்டுக்கள் ஓவியத்தாலும் இசையாலும் கண்ணையும் செவியையும் கவர்வன. அக்கவர்ச்சியை ஒருபுறம் ஒதுக்கி, எஞ்சி நிற்கும் விதிகளை மட்டும் ஆராயுங்கால், அவற்றுட் சில மனித வாழ்வு பற்றிய கருத்தொன்றைத் தம்முட் பொதிந்து வைத்திருத்தல் புலனாகும். அத்தகையவற்றுள் ஒன்று ‘பயர் எம்பிளம்’ என்னும் யப்பானிய ஆட்டத் தொடர்.

இத்தொடரின் முதலாட்டம் 1990ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்தது. இன்ரெலிஜென்ற் சிஸ்ரம்ஸ் என்னும் நிறுவனம் இதனை ஆக்க, நின்ரெண்டோ நிறுவனம் வெளியிட்டது. வடிவமைப்பில் முதன்மை பெற்றவர் ஷோசோ காகா என்பவர். நாடிழந்த இளவரசன் மார்த் தோழரைத் திரட்டிப் பகைவரை வென்று தன் நாட்டை மீட்பதே கதை. கதையிற் புதுமை அதிகமில்லை. புதுமை விதியிலேயே உள்ளது.

போர்க்களம் சதுரங்கப் பலகை போன்று கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஆடுவோன் தன் முறை வந்ததும் தன் வீரர் யாவரையும் ஒருவர் பின் ஒருவராக நகர்த்தலாம். பின்னர் பகைவரின் முறை. காடு வீரனின் நடையைத் தடுக்கும். ஆயினும் அவனை அடியினின்றும் ஓரளவு காக்கும். சிறகுடைய குதிரை மேற் செல்லும் வீராங்கனை மலையையும் நீரையும் பொருட்படுத்தாது பறப்பாள். அவளுக்கு வில்லாளனின் அம்போ பெருங்கேடாய் முடியும். ஒவ்வொரு வன்மைக்கும் ஒரு மென்மை ஈடாக வைக்கப்பட்டுள்ளது. 1996இல் வெளிவந்த ஆட்டத்தில் இக்கோட்பாடு மேலும் தெளிவுற்றது. வாள் கோடரியை விஞ்சும். கோடரி ஈட்டியை விஞ்சும். ஈட்டி வாளை விஞ்சும் என்னும் முக்கோண விதி அதிலேயே முதன்முதல் இடம்பெற்றது.

அடியின் அளவைக் கணித்தலும் எளிது. வீரனின் வலிமையோடு படைக்கலனின் ஆற்றலைக் கூட்டி, எதிரியின் காப்பைக் கழித்தல் வேண்டும். வலிமை 8, படைக்கலன் 5, எதிரியின் காப்பு 6 எனின், அடி 7. விரைவில் எதிரியை வேண்டிய அளவு விஞ்சியவன் இருமுறை அடிப்பான்; அப்பொழுது 14. இவ்வாறு பெரும்பாலும் சிறு கூட்டற் கழித்தலால் அமைந்தமையின், ஆடுவோன் தன் செயலின் பயனை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க இயலும். எண்ணாது செய்தவன் பின்னர் விதியைக் குறைகூற இடமில்லை.

இவை யாவும் ஏனைய போர்த்தந்திர ஆட்டங்களுக்கும் ஓரளவு பொதுவானவை. இத்தொடரைத் தனித்து நிறுத்துவது வேறொன்று. களத்தில் வீழ்ந்த வீரன், அரிதான விலக்குகள் நீங்கலாக, மீண்டும் வருவதில்லை என்பதே அவ்விதி. சதுரங்கத்தில் வெட்டுண்ட காலாள் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் பலகைக்கு வருவான். அவனுக்குப் பெயருமில்லை, ஊருமில்லை. இங்கோ ஒவ்வொரு வீரனுக்கும் பெயரும் முகமும் பேச்சும் உண்டு. அவன் போர்தோறும் அனுபவம் பெற்று வளர்கிறான்; அவ்வளர்ச்சியும் எழுந்தமானமாக நிகழ்தலின், ஒருவரது ஆட்டத்தில் வளர்ந்த வீரனை ஒத்தவன் மற்றொருவரது ஆட்டத்தில் இல்லை. அத்தகையவனை ஒரு கணப் பொறுப்பின்மையால் இழந்தவன், கதை முடியும்வரை அவ்வெற்றிடத்தோடேயே செல்லவேண்டும். எண்களின் தொகுதியாக இருந்த ஒன்றை ஆளாக மாற்றியது ஓவியமன்று, உரையாடலுமன்று. இழப்பு மீளாது என்னும் விதியே அதனைச் செய்தது.

ஆயினும் இவ்விதி நடைமுறையில் முற்றும் வென்றது எனல் பொருந்தாது. வீரன் ஒருவன் வீழ்ந்ததும் ஆடுவோர் பலர் கருவியை நிறுத்தி, அக்களத்தைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடுவர். இழப்பை ஏற்கச் செய்யும் நோக்கோடு எழுந்த விதி, இழப்பே நிகழாத ஆட்டத்தைத் தேடச் செய்தது. இதனை ஆடுவோரின் குறையென்று மட்டும் கொள்ளலாகாது. ஒருவன் தன் தவற்றால் இழந்ததை ஏற்பான். தவறின்றி, தற்செயலால் இழந்ததை ஏற்க அவன் மனம் ஒருப்படாது. நூற்றுக்கு 10 வீத வாய்ப்புடைய அடி பட்டுத் தன் சிறந்த வீரன் மடிந்தால், அவன் கற்ற பாடம் யாது?

ஆக்கியோர் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தனர் என்பதற்கு 2002இல் வெளிவந்த ஆட்டம் சான்று. அதில் அடி படுமா என்பதைத் தீர்மானிக்க ஓர் எழுந்தமான எண்ணுக்குப் பதிலாக இரண்டு எடுக்கப்பட்டு, அவற்றின் சராசரி கொள்ளப்பட்டது. இதன் பயனாக, திரையில் 90 வீதம் என்று காட்டப்பட்ட வாய்ப்பு உண்மையில் 98 வீதத்துக்குச் சற்று மேலாயிற்று. 10 வீதம் என்று காட்டப்பட்டது 2 வீதத்தளவாய்ச் சுருங்கிற்று. நிகழக்கூடியது பெரும்பாலும் நிகழும், நிகழாதது பெரும்பாலும் நிகழாது என்னும் மனித எதிர்பார்ப்புக்கு இஃது இசைந்தது. ஆனால் திரையிற் காட்டப்பட்ட எண் மெய்யன்று. எண்ணித் துணியும்படி ஆடுவோனைப் பணிக்கும் ஆட்டம், எண்ணுதற்கு அடிப்படையான எண்ணையே திரித்துக் காட்டுதல் தகுமா? நோக்கம் நன்றாயினும், அதனை வெளிப்படக் கூறியிருப்பின் இன்னும் நன்றாயிருக்கும்.

2008இல் முதலாட்டம் புத்துருப் பெற்றபொழுது வேறொரு பிழை நேர்ந்தது. அதிற் சேர்க்கப்பட்ட கிளைக் களங்களுட் சில, படையில் 15 பேரோ அதற்குக் குறைந்தோரோ எஞ்சியிருப்பின் மட்டுமே திறக்கும். இழந்தவனுக்கு ஆறுதலாக இவ்வேற்பாடு எண்ணப்பட்டிருக்கலாம். விளைந்ததோ மறுதலை. யாவரையும் பேணிக் காத்தவனுக்கு அக்களங்கள் கிட்டவில்லை. அவற்றைக் காண விழைந்தவன் தன் வீரரைத் தானே சாகவிட வேண்டியதாயிற்று. உயிரைப் பேணக் கற்பித்த தொடர், உயிரை விலையாக்கியது. விதியொன்று ஏனைய விதிகளோடு முரணுமிடத்து எத்துணைப் பெரிய கருத்தும் சிதையும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

2010இல் வந்த ஆட்டம், வீழ்ந்தோர் அடுத்த களத்தில் மீண்டெழும் எளிய முறையொன்றையும் வழங்கியது. பழைய முறையும் உடனிருந்தது. விரும்பியதை ஆடுவோன் தெரிந்துகொள்ளலாம். இதனாற் புதியோர் பலர் அச்சமின்றி இவ்வாட்டத்தை அணுக வழி பிறந்தது. அது நற்பயனே. எனினும், வீழ்தல் ஒரு களத்தளவிலான தண்டனையாகச் சுருங்கியவிடத்து, வீரனை முன்னே விடுவதற்கு முன் தயங்கும் அத்தயக்கமும் சுருங்கிற்று என்பதை மறுத்தலரிது.

இவ்விரு முனைகளுக்குமிடையே நடுவுநிலை கண்டது 2019இல் வெளிவந்த ‘திரீ ஹவுசஸ்’ என்னும் ஆட்டம். ஆசிரியரும் மாணவரும் இதனைத் தனியே நோக்குதல் தகும். இதில் ஆடுவோன் படைத்தலைவனாக அல்லன், மடாலயமொன்றிலுள்ள கல்விக்கழகத்தின் ஆசிரியனாகவே புகுகின்றான். மூன்று இல்லங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு மாணவர். அவற்றுள் ஒன்றைத் தன் வகுப்பாகத் தெரிகிறான். யாருக்கு வாள், யாருக்கு மந்திரம் எனக் கற்பிக்கிறான், உடனுண்கிறான், குறைகளைக் கேட்கிறான். களத்திலோ காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஆற்றல் அவனுக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு போரிலும் குறித்த சில தடவைகளே அது பயன்படும். தற்செயலின் கொடுமைக்கு இது மருந்து. அளவுக்கு உட்பட்ட மருந்தாதலின் விழிப்பைக் கெடுப்பதில்லை. கருவியை நிறுத்தி மீள ஆடும் பழைய வழக்கத்தை, மறைவான தந்திரமாக விடாது, விதிக்குள்ளேயே ஏற்று எல்லை வகுத்தமை ஆக்கியோரின் நுண்மதியைக் காட்டும்.

அதனினும் சிறந்தது, இவ்வாற்றல் தோற்கும் இடம். கதையின் இடையில் ஆசிரியனின் தந்தை குத்துண்டு வீழ்கிறார். ஆசிரியன் காலத்தைத் திருப்புகிறான். ஆயினும் வேறொரு தடை குறுக்கிட, அதே மரணம் மீண்டும் நிகழ்கிறது. நூறு இடர்களிலிருந்து வீரரைக் காத்த விதி, ஓரிடத்திற் பயனற்றுப் போவதை ஆடுவோன் தன் கையாலேயே உணர்கிறான். கதையும் விதியும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இடம் இதுவே.

பின்னர் போர் மூண்டு, ஐந்தாண்டுகள் கழிகின்றன. தான் தெரியாத இல்லங்களின் மாணவர் பலர் பகைப் படையில் நிற்கின்றனர். அவருட் சிலரை முன்னரே தன் வகுப்பிற் சேர்த்திருக்கலாம்; சேர்க்காதவர் இப்பொழுது எதிரிகள். அவர்கள் பெயரை ஆசிரியன் அறிவான், முகத்தையும் அறிவான். முதல் நாளில் எளிதாகச் செய்த தெரிவின் விலை இங்கு கணக்கிடப்படுகிறது. ஒரு போரின் சில முறைகளைத் திருப்பலாம். ஐந்தாண்டுகளைத் திருப்ப இயலாது. முதலாட்டத்தில் வீரனின் உயிரில் தங்கியிருந்த மீளாமை, ஈண்டு ஆசிரியனின் தெரிவிற்குப் பெயர்ந்துள்ளது.

எனவே, இத்தொடர் தன் பழைய விதியைக் கைவிட்டது என்போரின் கூற்று முற்றும் ஏற்கத்தக்கதன்று. 2008இன் ஆட்டம் விதியின் எழுத்தைக் காத்து அதன் பொருளை இழந்தது. 2019இன் ஆட்டம் எழுத்தைத் தளர்த்திப் பொருளைக் காத்தது. தவற்றைத் திருத்த இடமளித்தல் கருணை. எத்தவறும் திருத்தத்தக்கதே எனக் கற்பித்தல் ஏமாற்று. நல்ல ஆசிரியன் இவ்விரண்டின் வேறுபாட்டை அறிவான். அவ்வேறுபாட்டைச் சொல்லாற் கூறாது விதியால் உணர்த்துவதே இவ்வாட்டத் தொடரின் தலைசிறந்த பேறாகும்.