கோப்பாய் வீட்டு ஹோலுக்கு எந்தத் திரை?

யாழ்ப்பாண நகரக் கடைகளில் ரீவிகள் வெயில் எட்டாத இடத்தில், உச்ச வெளிச்சத்தில், பார்த்துத் தெரிந்தெடுத்த 4கே காட்சிகளோடு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே எல்லாத் திரையும் அழகுதான். கோப்பாயில் ஒரு வீட்டு ஹோல் அப்படியில்லை. காலையில் திறந்த முன்கதவு படுக்கும்வரை திறந்தே கிடக்கும், கதிரைகள் சுவரோரமாகச் சுற்றிவர இருக்கும், பகல் முழுக்க ஒரே சனல் ஓடும். எல்ஈடி, கியூஎல்ஈடி, ஓஎல்ஈடி மூன்றையும் அப்படியான ஹோலில் வைத்துப் பார்த்ததில் தெரிந்தது இது.

உள்ளே இருப்பது என்ன?

கடையில் எல்ஈடி என்று விற்பது எல்சிடி திரைதான். பின்னால் எல்ஈடி விளக்குகள் எரிய, முன்னாலுள்ள திரவப் படிகம் அந்த ஒளியை மறைத்தும் விட்டும் படம் காட்டுகிறது. கியூஎல்ஈடியும் அதே கட்டுமானம்தான், இடையில் குவாண்டம் புள்ளிகள் கொண்ட ஒரு தாள் கூடுதல். 2023இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது இந்தப் புள்ளிகளின் கண்டுபிடிப்புத்தான். அந்தத் தாளால் நிறம் செறிவாகும், ஆனால் பின்விளக்கு அப்படியே இருப்பதால் கறுப்பு அந்தளவு கறுப்பாகாது. ஓஎல்ஈடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும்.

இரவும் பகலும்

இரவில் லைற்றை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் ஓஎல்ஈடிக்குக் கிட்டவும் மற்றவை வராது. அதன் இருட்டுக்கு முன்னால் எல்ஈடியின் இருட்டு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மத்தியானம் நிலைமை தலைகீழ். வாசலுக்கு எதிரே வைத்த ஓஎல்ஈடியில் இருட்டுக் காட்சி வந்ததும் நடிகரின் முகம் போய், முற்றத்துச் செவ்வரத்தையும் சாத்தி வைத்த சைக்கிளும் தெரிந்தன. வெளிச்சம் கூடிய எல்ஈடி இங்கே தாக்குப்பிடித்தது. மினி எல்ஈடி இன்னும் நல்லது. சின்னச் சின்ன விளக்குகளைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைப்பதால் பகலுக்கும் இரவுக்கும் பொருந்தும்.

எங்கே இருந்து பார்ப்பது?

எல்சிடியில் விஏ, ஐபிஎஸ் என்று இரு வகை. விஏயின் கறுப்பு ஆழமானது, ஆனால் நேரே இருப்பவருக்குத்தான். கிறிக்கெற் நாளில் ஓரக் கதிரையில் இருப்பவருக்குப் பச்சை மைதானம் வெளிறிப் போகும். ஐபிஎஸில் கறுப்புச் சுமார்தான், பக்கத்திலிருந்தும் நிறம் மாறாது. கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். மனித முகம் தெரியும் காட்சியை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, ரீவியின் பக்கவாட்டுக்கு நடந்து போய்ப் பாருங்கள். முகம் வெளுத்தால் அது பெரும்பாலும் விஏ.

சனல் என்ன சனல்?

செய்திச் சனலை நாள்முழுக்க ஓடவிடும் வீட்டுக்கு ஓஎல்ஈடி வேண்டாம். மூலையிலுள்ள சின்னமும் கீழே நிற்கும் செய்திப் பட்டியும் காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதியக்கூடும். இன்னொன்று, கேபிளில் வரும் சாதாரணச் சனலில் 576 வரிகள்தான்; 4கே திரைக்கோ 2160 வேண்டும். மிச்சத்தை ரீவியே ஊகித்து நிரப்புகிறது. 55 அங்குலத் திரைக்கு ஆறடியில் இருந்தால் செய்தி வாசிப்பவரின் தலையிலுள்ள மல்லிகைச் சரம் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். அந்தத் தூரத்துக்கு 43 அங்குலம் தாராளம்.

வாங்கும்போது

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரீவி என்றால் பின்பக்க ஒட்டியைப் படியுங்கள். 110–120 வோல்ற் மட்டும் என்றிருந்தால் நமது 230இல் நேரே செருகக் கூடாது. அதன் ட்யூனருக்கு இங்கத்தைய அன்ரெனாவும் பிடிபடாது, செற்-ரொப் பெட்டி வேண்டும். எந்த ரீவியானாலும் ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தில் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் வயர் வழியாகவும் வரும். திரை போனால் மாற்றும் செலவு புது ரீவி விலையை நெருங்கும்.

முடிவு

திறந்த ஹோல், நிறையச் சனம், பகல் சனல்: வெளிச்சம் கூடிய ஐபிஎஸ் எல்ஈடி. நேரே இருந்து இரவில் பார்க்கும் சிறு குடும்பம்: விஏ திரையுள்ள கியூஎல்ஈடி. திரைச்சீலை போட்ட தனி அறையும் படப் பைத்தியமும் இருந்தால் மட்டும் ஓஎல்ஈடி. கோப்பாயின் பெரும்பாலான வீடுகளுக்கு என் தெரிவு முதலாவது. மிச்சப்படும் காசில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். மெல்லிய ரீவிகளின் சத்தம் குசினிவரை கேட்காது.