மானைத் தேடி வந்தவன்

நாடகப் பாட்டு என்றால் எனக்கு ஒரு காலத்தில் இளக்காரம். விசில் வாங்குவதற்காக உச்ச ஸ்தாயியில் கத்துகிற சமாசாரம் என்று எழுதியும் இருக்கிறேன். அப்படி எழுதியது தவறு. அதை ஒப்புக்கொள்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

என் மனத்தை மாற்றியது, சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தில் வரும் 'காயாத கானகத்தே' என்ற பாட்டு. சுவாமிகள் எங்கள் சீமைக்காரர். 1867ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். உப்புக்கும் முத்துக்கும் பேர்போன தூத்துக்குடியில், உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்குப் போனார்.

பாட்டின் சந்தர்ப்பம் எளிமையானது. வேடனாக வந்த முருகன், தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியிடம் மானைத் தேடி வந்ததாகச் சொல்கிறான். என்ன மான்? மானுக்கு உரிய அடையாளங்களை ஒவ்வொன்றாக, இல்லை இல்லை என்று நீக்கிக்கொண்டே போகிறான். நீக்கியபின் மிஞ்சுவது எதிரே நிற்கிற பெண்தான். 'உன்னைத்தான் தேடி வந்தேன்' என்று அவன் சொல்லவே இல்லை. ஆனால் சொல்லிவிட்டான்!

நியூயார்க்கில் 1943ல் ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் 'ஓக்லஹோமா'வை மேடையேற்றியபோது, பாட்டு கதையை நிறுத்தாமல் நகர்த்துகிறது என்று கொண்டாடினார்கள். அதிலும் ஒரு ஜோடி, 'ஊர் ஏதாவது சொல்லும், இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே' என்று பரஸ்பரம் தடுத்தபடியே காதலைத் தெரிவித்துவிடுகிறது. அதே உபாயம்தான். சுவாமிகளோ 1922லேயே காலமாகிவிட்டார்.

இந்தப் பாட்டைக் கிட்டப்பா மேடையில் பாடிப் பெரும் புகழ் பெற்றார். 1933ல் 27 வயதிலேயே அவர் மறைந்தார். பிறகு 1945ல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடினார். இரண்டும் அசாத்தியமான சாரீரங்கள். தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது. பின்னால் வந்த பலருக்கு அந்த உச்சிதான் பாட்டு என்றாகிவிட்டது. வள்ளியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை ஜனங்களைப் பார்த்து முழங்கினார்கள். நான் இளக்காரம் செய்தது அந்த முழக்கத்தை. பாட்டையே கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன், உப்பளத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் அம்மன் கோவில் கொடை. ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாடம் இருவருக்கும் தெரியும், அது போதும். ராஜபார்ட்டுக்கு வயதாகிவிட்டது. மேல் ஸ்தாயிக்குப் போன குரல் உடைந்தது. ஆர்மோனியக்காரர் சட்டென்று சுருதியை இறக்கினார். மனிதர் ஜனங்களை விட்டுவிட்டு வள்ளியின் பக்கம் திரும்பி, மெதுவாக, கேட்பது போலவே பாடினார். வள்ளி அவரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

என் பக்கத்தில், உப்பு வாரிக் கை வெடித்த கிழவி ஒருத்தி பேத்தியிடம் சொன்னாள்: "கள்ளப்பய! மானையாட்டீ தேடுதான்?"

என்னுடைய விமர்சனம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு உறை போடக் காணாது.

கதை எழுதுகிறவனுக்கு இதில் பாடம் இருக்கிறது. என் கதாநாயகர்கள் வாயைத் திறந்ததும் மனத்தைக் கொட்டிவிடுகிறவர்கள். இப்போதெல்லாம் அப்படி ஒரு வாக்கியம் வந்து விழுந்தால் அடித்துவிடுகிறேன். போய் ஒரு மானைத் தேடு என்று அவனை அனுப்பிவிடுகிறேன்.