நீலியின் குரலும் ஆர்ச் எனிமியும்

மலருக்குக் கட்டுரை என்றதும், "நயினார் வழக்கம்போல சிந்தாமணியைத்தான் எடுப்பார்" என்று நினைத்திருப்பீர்கள். இம்முறை டெத் மெட்டல் என்னும் மேல்நாட்டு இசையை எடுத்துக்கொண்டேன். சிரிக்காமல் படியுங்கள்.

காரணம் என் பேத்தி. ஏழு வருஷம் கர்நாடக சங்கீதம் படித்தவள், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு புலி மாதிரி உறுமிப் பழகுகிறாள். "பொம்பளப் பிள்ளை போடுற சத்தமா இது? தொண்டை என்னத்துக்கு ஆகும்?" என்று வீட்டில் சண்டை. தீர்ப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சரக்கைப் பார்க்காமல் விலை சொல்வது வியாபாரிக்கு அழகல்ல. அவள் கேட்கும் ஆர்ச் எனிமி குழுவின் பாட்டுகளை ஒரு மாதம் உட்கார்ந்து கேட்டேன்.

இக்குழு 1995இல் சுவீடனில் மைக்கேல் அமாட் என்ற கிட்டார் கலைஞரால் தொடங்கப்பட்டது. முதல் மூன்று ஆல்பங்களில் பாடியவர் யோஹான் லீவா என்ற ஆண். 2000இல் அந்த இடத்துக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஆஞ்சலா கொஸ்ஸோ வந்தார். அமாட்டைப் பேட்டி காணப் போனவர், தாம் பாடிய பதிவையும் கொடுத்துவிட்டு வந்தாராம். அவர் பாடி 2001இல் முதலில் ஜப்பானில் வெளிவந்த ஆல்பம் 'வேஜஸ் ஆஃப் சின்', அதாவது பாவத்தின் கூலி. வினைப்பயனை நம்பும் சமணனுக்கு இந்தத் தலைப்பு அந்நியமாகத் தோன்றவில்லை.

குரலை மட்டும் கேட்டால் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. விசாரித்ததில் புரிந்தது இது: இந்த உறுமல் வெறும் கத்தல் அல்ல. குரல்நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளையும் அதிரவிட்டு, வயிற்றிலிருந்து வரும் மூச்சால் தாங்கிப் பிடிக்கிறார்கள். தெரியாமல் செய்தால் தொண்டை புண்ணாகும். தெரிந்து செய்தால் அதுவும் சாதகம்தான். மேல்நாட்டில் இதைச் சொல்லிக்கொடுக்க மெலிஸ்ஸா கிராஸ் போன்ற ஆசிரியர்களே இருக்கிறார்கள்.

2014இல் ஆஞ்சலா பாடுவதை விட்டார். ஆனால் குழுவின் நிர்வாகத்தைக் கையில் வைத்துக்கொண்டார். பாட வந்த பெண் கணக்கையும் பார்த்தார் என்பதில் எனக்குத் தனி மதிப்பு. அடுத்து வந்தவர் கனடாவின் அலிஸ்ஸா வைட்-குளுஸ். 'வார் எடர்னல்' (2014) முதல் 'பிளட் டைனஸ்டி' (2025) வரை பாடி, 2025 நவம்பரில் அவரும் விலகினார். அவர் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடாதவர். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத என் வீட்டில் இதைச் சொன்னதும் பாதிச் சண்டை அடங்கிவிட்டது!

'பெண் பாடும் மெட்டல்' என்று இதைத் தனிப் பெட்டியில் போடுகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. பெண் என்பது பாடுபவரைப் பற்றிய செய்தி, இசையைப் பற்றியது அல்ல. அமாட்டும் அப்போது குழுவில் இருந்த அவர் தம்பி கிறிஸ்டோபரும் இரண்டு கிட்டார்களை இணையாக ஓடவிட்ட இனிமை ஒரு பக்கம், அதற்கு எதிரே கரடுமுரடான குரல் இன்னொரு பக்கம். 2005இல் வந்த 'நெமிசிஸ்' பாட்டைக் கேட்டால் இது விளங்கும். இந்த முரண்தான் குழுவின் சொத்து.

"நம்ம பண்பாட்டுக்கு ஆகாது" என்பாருக்கு ஒரு வார்த்தை. பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் பாடியது திருவாலங்காட்டுச் சுடுகாட்டை. அதை அடுத்த ஊர் பழையனூர். அந்த ஊர் நீலிதான் எங்கள் நீலகேசிக் காப்பியத்தின் தலைவி. பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திரரை மிரட்ட வந்தவள், அவர் அசையாதது கண்டு அறம் கேட்டாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தம், ஆசீவகம், சாங்கியம் எனப் பல சமயத்தாரோடு வாதம் செய்தாள். அச்சுறுத்தும் பெண்குரலைத் தமிழ் என்றும் வாயடைக்கவில்லை, காப்பியத் தலைவியாகவே வைத்தது.

குறையும் சொல்ல வேண்டும். சொல்லால் செய்வதும் இம்சைதான் என்பது எங்கள் கொள்கை. அடக்குமுறைக்கு எதிரான கோபம் நியாயம், மறுக்கவில்லை. ஆனால் ஆல்பம் முழுக்க ரௌத்திரமே என்றால் காது மரத்துப்போகிறது. 2017இல் வந்த 'ரீசன் டு பிலீவ்' பாட்டில் அலிஸ்ஸா உறுமலை விட்டு இயல்பான குரலிலும் பாடுகிறார். அங்கேதான் எனக்கு உள்ளே ஏதோ அசைந்தது. நீலி மிரட்டலோடு நின்றிருந்தால் காப்பியம் ஏது? இந்தக் குழு அந்த வாசல்வரை வந்து, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டில் நான் சொன்ன தீர்ப்பு இதுதான்: "தெரிஞ்சவங்ககிட்ட மூச்சுப் பிடிக்கக் கத்துக்கோ. பாட்டு வகுப்பை விடாதே. உறுமி முடிச்ச பிறகு என்ன சொல்லப்போறேன்னு யோசிச்சு வை."

பேத்தி ஒப்புக்கொண்டாள். கதவை மட்டும் இன்னும் சாத்தித்தான் வைக்கிறாள்.