ஸ்டியரிங் தேய்மானம்: வீட்டுச் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

காரின் ஸ்டியரிங் தேய்மானத்தை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு நியாயமான அடிப்படை உண்டு. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். ஸ்டியரிங் தண்டின் அடியில் பினியன் என்ற சிறு பல்சக்கரம். அது இடமும் வலமும் தள்ளும் ரேக். ரேக்கின் இரு முனையிலும் ரேக் எண்ட். அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடின் கடைசியில் டை ராட் எண்ட். கீழே, லோயர் ஆர்மின் நுனியில் பால் ஜாயிண்ட். கடைசி மூன்றும் கிண்ணத்துக்குள் உருளும் உருண்டைகளே. கிண்ணம் தேய்ந்தால் ஆட்டம் வரும்; அந்த ஆட்டத்தைத் தேடுவதே சோதனை.

பலரும் முதலில் பார்ப்பது ஸ்டியரிங் வளையத்தின் வெற்றாட்டத்தை. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, அவை அசையத் தொடங்கும்வரை வளையம் எவ்வளவு தூரம் சும்மா திரும்புகிறது என்று அளக்கிறார்கள். பல கார்களின் கையேடுகள் 30 மி.மீ. அளவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆவது விதியும் 30 என்ற எண்ணையே சொல்கிறது. ஆனால் அது 30 டிகிரி. 37 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில் அது ஏறத்தாழ 97 மி.மீ. ஆகும். ஆகவே சட்டத்தின் எல்லைக்குள் இருப்பதாலேயே வண்டி நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

இந்த அளவீட்டுக்கு வேறொரு குறையும் உண்டு. ஒரு பக்கத்து டை ராட் எண்ட் மட்டும் தேய்ந்திருந்தால், நல்ல பக்கத்துச் சக்கரம் உடனே எதிர்ப்பைக் காட்டும். வளையத்தைப் பிடித்த கைக்கு எல்லாம் இறுக்கமாகவே தோன்றும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் நேர்மாறான தவறு நடக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு அளந்தால், உள்ளே முறுகும் டார்ஷன் பார், இல்லாத ஆட்டத்தை இருப்பதாகக் காட்டிவிடும். எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு சக்கரங்களையும் தனித்தனியே கவனித்தால்தான் இந்த அளவுக்கு மதிப்பு.

அடுத்தது, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது. கடிகார முகத்தில் 9-உம் 3-உம் இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டினால் டை ராட், ரேக் எண்ட் ஆட்டம் தெரியும். 12, 6 இடங்களில் ஆட்டினால் பால் ஜாயிண்ட் தெரியும் என்பது வழக்கமான பாடம். பாதி சரி. தேய்ந்த வீல் பேரிங் இரண்டு திசையிலும் ஆடும். இன்னொருவர் பிரேக்கை அழுத்தியதும் ஆட்டம் நின்றால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம், நிற்காவிட்டால் மூட்டுகளை. பூட்டாத ஸ்டியரிங்கில் ரேக் நகர்வதையும், லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் நெளிவதையும் தேய்மானமாக எண்ணி நல்ல உறுப்பை மாற்றியவர்கள் பலர். சில டை ராட் எண்டுகளின் உள்ளே உருண்டையை அழுத்தி வைக்கும் சுருள்வில் இருப்பதால், தொங்கும் சக்கரத்தில் தேய்மானம் மறைந்தும்போகும். இவ்வளவு பேர் பரிந்துரைக்கும் சோதனை இவ்வளவு தெளிவற்றது என்பது சற்று வியப்புதான்.

இதைவிட மேலான சோதனைக்கு ஜாக்கியே தேவையில்லை. வண்டி தரையில் நிற்க, எஞ்சின் ஓட, கை பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு வேகமாக அசைக்க வேண்டும். மற்றவர் பக்கவாட்டிலிருந்து டை ராட் எண்டின் மேல் விரல் வைத்துப் பார்க்கலாம். டயர் தரையைப் பற்றியிருப்பதால் மூட்டின் மேல் உண்மையான சுமை ஏறுகிறது. டை ராட் நகர்ந்தும் சக்கரத்தின் ஆர்ம் தாமதித்தால் அந்தக் கணமே விரலுக்குத் தெரிந்துவிடும். ரேக் எண்டை அதன் ரப்பர் பெல்லோஸ் வழியாகவே அமுக்கி உணரலாம். வண்டிக்கு அடியில் படுக்கத் தேவையில்லை என்பதும் இதன் பலம். அப்படிப் படுப்பவர் ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கியை நம்பக் கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அதைவிடக் குறைவாகவே நம்ப வேண்டும். சமதளமும், சக்கரத்துக்குக் கட்டையும், ஜாக் ஸ்டாண்டும் இல்லாத இடத்தில் தூக்கிப் பார்க்கும் சோதனையையே விட்டுவிடலாம்.

வீட்டுச் சோதனை உண்மையில் கைகொடுப்பது கண் பார்வையில்தான். டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் ஆகியவற்றின் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண்ணும் மழைநீரும் உள்ளே போகும். ஆட்டம் பிறகே வரும். ஆகவே கிழிசல், தேய்மானத்துக்கு முந்திய செய்தி. பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும் என்று அதே 98-ஆவது விதியும் கேட்கிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில் பெல்லோஸ் ஈரமாக இருந்தால் ரேக்கின் சீல் கசிகிறது என்று கருதலாம். இவற்றைப் பார்க்க, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி டார்ச் அடித்தால் போதும்.

சத்தத்தை வைத்து முடிவுக்கு வருவதுதான் மிகவும் பலவீனமான வழி. வேகத்தடையில் வரும் கடகட சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்கிலிருந்தோ ஸ்ட்ரட் மவுண்டிலிருந்தோ வருகிறது. பழி டை ராட் எண்டின் மேல் விழுகிறது. டயர் தேய்மானமும் ஓரளவே உதவும். டயரின் பூ ஒரு திசையில் கூராகவும் மறுதிசையில் மழுங்கியும் தேய்ந்திருந்தால் டோ அளவு, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, மாறியிருக்கிறது என்று பொருள். மாறியதற்குத் தளர்ந்த மூட்டும் காரணமாகலாம், பள்ளத்தில் விழுந்ததும் காரணமாகலாம்.

ஆக, வீட்டில் கண்டுபிடித்த ஆட்டத்தைப் பெரும்பாலும் நம்பலாம். வீட்டில் கிடைத்த "ஒன்றுமில்லை" என்ற முடிவை நம்ப முடியாது. பால் ஜாயிண்டின் சிறு தளர்வைக் காண லோயர் ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் இடையே கடப்பாரை வைத்து நெம்ப வேண்டும்; எவ்வளவு அசைவு ஏற்கத்தக்கது என்பதை அந்த வண்டியின் சர்வீஸ் கையேடுதான் சொல்லும். ஆட்டம் தெரிந்த டை ராட் எண்டை மாற்றும்போது பழையதன் திருகுச் சுற்றுகளை எண்ணி அதே அளவுக்குப் புதியதை முறுக்குவது வழக்கம். அது வண்டியைப் பட்டறைவரை ஓட்டிப்போக மட்டுமே போதும். வீல் அலைன்மெண்ட் செய்யாவிட்டால் புதிய டயரின் ஓரமும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.