மிஞ்சிய எண்ணெயும் மறுமெருகும்: கொங்கு நாடும் இலங்கையும்

மரப்பரப்பில் எண்ணெய் பூசிக் காக்கும் வழக்கம் கொங்கு நாட்டுக்கும் இலங்கைக்கும் பொதுவானது. எனினும் பூச்சு மிஞ்சிப் பிசுக்காகும்போது அதை நீக்கி மறுமெருகு இடும் முறை, எண்ணெயின் இயல்பையும் ஊரின் காற்றையும் பொறுத்து வேறுபடுகிறது.

கோவை, பொள்ளாச்சி வட்டாரத்துத் தொட்டிக்கட்டு வீடுகளில், அதாவது நடுவே வானம் பார்த்த முற்றம் உடைய வீடுகளில், கதவுக்கும் தூணுக்கும் ஆனைமலைத் தேக்கு சிறப்பாகக் கொள்ளப்பட்டது. தேக்கு தன்னுள்ளேயே எண்ணெய்ப்பசை உடையதாதலால் மேற்பூச்சைக் குறைவாகவே உறிஞ்சும். தென்னை மிகுந்த இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் தேங்காய் எண்ணெயோ எத்தனை நாளானாலும் இறுகாது. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகும் தன்மையை உணர்த்தும் அளவாகிய அயோடின் எண், ஆளிவிதை எண்ணெய்க்கு 170ஐத் தாண்ட, நல்லெண்ணெய்க்கு 110ஐயும் தேங்காய் எண்ணெய்க்கு 10ஐயும் ஒட்டியே நிற்கிறது. ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றின் புழுதி, இறுகாத எண்ணெயில் ஒட்டிச் செதுக்கு வேலையின் குழிவுகளில் கருப்பாகப் படிகிறது.

இப்பிசுக்கை நேரே உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் தாள் அடைபடுவதோடு அழுக்கும் மரத்துக்குள் இறங்கும். டர்பன்டைன் நனைத்த துணியால் மர ரேகையின் போக்கிலேயே பலமுறை துடைத்து, எஞ்சியதைச் சாக்குப்பொடி தூவி உறிஞ்சவிட்டு, நன்கு உலர்ந்த பின்னரே உப்புத்தாளை எடுப்பது தகும். திருப்பூர் ஆலைகளில் கழியும் பனியன் வேஸ்ட் துணி இதற்கு ஏற்றது. ஆனால் ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால், எண்ணெய் இறுகும்போது எழும் வெப்பத்தால் அது தானே தீப்பற்றக்கூடும் என்பதால், விரித்து உலர்த்த வேண்டும்.

இலங்கையில் தளபாடம் எனப்படும் மரச்சாமான் வேலைக்குப் பேர்பெற்ற மொரட்டுவை ஈரவலயத்தைச் சேர்ந்தது. கோவையின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ. என்றால், அங்கு 2000 மி.மீ.க்கு மேல். ஆளிவிதை எண்ணெயைத் தடிப்பாகப் பூசினால் மேலே சுருங்கிய தோல் படர, அடியில் எண்ணெய் இறுகாமல் நிற்கும். அதில் பூஞ்சணமும் பற்றும். இறுகிய தோலை டர்பன்டைன் கரைக்காது. ஓடாவி, அதாவது தச்சர், அதைச் சுரண்டியால் எடுத்தாக வேண்டும். மறுமெருகாக அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்சு பாலிஷ் இடும்போதும், ஈரக்காற்று பட்டால் அது வெண்மையாகப் பூத்துவிடும். ஆகையால் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே அங்கு வாய்ப்பானவை. கோவையிலோ ஈரத்தைவிடப் புழுதிக்கே அஞ்ச வேண்டியிருப்பதால், காற்றடிக்கும் மாதங்களைத் தவிர்த்தால் போதும்.

ஆயினும் இவ்வேறுபாட்டை இரு நாடுகளின் வேறுபாடாகக் கொள்வது பிழை. யாழ்ப்பாணம் உலர்வலயத்தில் இருப்பதால், அங்குள்ள நாற்சார் வீடுகளின், அதாவது நடுமுற்றத்தின் நாற்புறமும் கட்டிய வீடுகளின், முதிரை, வேம்பு மரக் கதவுகளுக்கு மொரட்டுவையின் முறையைவிடக் கொங்கின் முறையே பெரிதும் பொருந்தும். இரண்டு நிலத்துக்கும் பொதுவான விதி ஒன்றே: எண்ணெயை மெல்லிதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மரம் குடிக்காததை முழுவதும் துடைத்துவிட்டால், பின்னர் நீக்கும் வேலையே வராது.