நிழலும் நீரும் போதும்

மூலக்கொத்தளம்! பழைய சென்னையின் காவல் கொத்தளத்தைப் பெயரிலே சுமந்து நிற்கும் இடம். பேசின் பாலத்தருகே, ஏழை எளியோர் துயிலும் அவ்விடுகாட்டிலேதான் நடராசனும் தாளமுத்துவும் துயில்கின்றனர்.

1938-இல் ஆச்சாரியார் ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. எதிர்த்துச் சிறை புகுந்த நடராசன், மன்னிப்புக் கேட்டு விடுதலை பெற மறுத்து, 1939 சனவரி 15-இல் மறைந்தார். மார்ச்சுத் திங்களில் தாளமுத்து. 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

ஆண்டுதோறும் சனவரி 25-இல் அங்கே மாலைகள் குவிகின்றன, நன்று. மற்றைய நாள்களில் வருபவனுக்கு என்ன வேண்டும் என்பதே நமது கேள்வி. நினைவிட வசதி என்றதுமே நம்மவர் எண்ணம் எங்கே ஓடுகிறது? அலங்கார வளைவுக்கு! பளிங்குத் தரைக்கு! வண்ண விளக்குக்கு! துயில்பவரின் பெயரினும் திறந்து வைத்தவரின் பெயர் பெரிதாகப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நாடெங்கும் காண்கிறோமே! கோயில் கட்டிப் பழகிய கை, கல்லறையையும் கருவறையாக்கத் துடிக்கிறது. பகுத்தறிவாளர் இதற்கு உடன்படலாமா?

நந்தம்பாக்கத்திலே 1952-இல் அமைந்த போர்வீரர் கல்லறைத் தோட்டத்தைத் தோழர்கள் ஒருமுறை சென்று காண்க. 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். படைத்தலைவனாயினும் கடைநிலை வீரனாயினும் ஒரே அளவுக் கல். புல்லும் மலர்ச்செடியும் அன்றிக் கண்ணை மறிப்பது சிறிதே. ஏகாதிபத்தியம் பயிரிட்ட தோட்டந்தான், அதனால் என்ன? அடக்கத்தை எவரிடமிருந்தும் கற்கலாம்.

ஆனால் மூலக்கொத்தளம் தோட்டமன்று. பிணத்தைச் சுமந்து உழைப்பாளி மக்கள் அழுதுகொண்டு வரும் இடம். 2018-ஐ ஒட்டி, அந்நிலத்தின் ஒரு பகுதியிலே அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்ப அரசு முனைந்தபோது எதிர்ப்புக் கிளம்பியதை வடசென்னை மறக்கவில்லை. ஆகவே, நினைவிடத்தை மட்டும் வேலியிட்டு அழகுபடுத்தி, ஏழையின் புதைகுழியைப் புறக்கடையாக்கும் எந்தத் திட்டத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. நடராசன் அந்த மக்களிடையே பிறந்தவர், ஆதிதிராவிட இளைஞர். அவரை அவர்களிடமிருந்து பிரிப்பது எவ்வகை மரியாதை?

கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் கல்லறை அருகே வேண்டா. வாயிலை ஒட்டி, மதிலின் உயரம் தாண்டாத தாழ்ந்த கூரையின் கீழ் இருக்கட்டும். துக்கத்தோடு வருபவருக்கும் அதுவே பயன்படட்டும். நாற்பது மாணவியரை அழைத்துவரும் ஆசிரியர், முதலிலே தேடுவது அதைத்தான் என்பதை ஆசிரியப் பணியிலிருக்கும் நாம் நன்கறிவோம். நிழலுக்குத் தகரப் பந்தல் எதற்கு? வேம்பும் புங்கும் இல்லையா நாட்டில்? மரத்தடியிலே, கல்லறையைப் பார்த்தபடி சில கல்லிருக்கைகள். சக்கர நாற்காலி செல்லத்தக்க சமதளப் பாதை ஒன்று.

விளக்கப் பலகை கல்லறைக்கு முன்னே நின்று மறைத்தல் கூடாது. பாதையோரமாகச் சாய்ந்து நிற்கட்டும். அடைமொழிகளைக் குறைத்து, 1938-இல் நடந்தது என்ன, இவர்கள் ஏன் சிறை சென்றனர் என்பதை எழுதுக. அந்த எழுத்து, பத்து வயதுச் சிறுவனின் கண்மட்டத்தில் இருக்கட்டும்.