திரையின் அகலமும் செய்யுளின் அடியும்

செய்யுள் உறுப்புக்களுள் அடி என்பது செவிக்கு உரியது. எதுகையும் மோனையும் சீர்த்தொகையும் அதன் எல்லையைச் செவிக்கு அறிவிக்கும். கண்ணுக்கு அவ்வெல்லையைக் காட்டும் பொறுப்போ எழுதுவோனையும் அச்சிடுவோனையும் சார்ந்தது. இன்று அப்பொறுப்பு இணையத்தளம் அமைப்போர் கைக்கு மாறியிருக்கின்றது. அவர் அமைக்கும் பக்கம் மேசைக் கணினியின் அகன்ற திரையிலும் தோன்றும். உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசியின் குறுகிய திரையிலும் தோன்றும். ஒரே பக்கத்தை இரண்டிற்கும் பொருந்த அமைப்பது எவ்வாறு என்பது பொறியியலார் வினா என்று தமிழ் கற்றோர் ஒதுங்கியிருத்தல் தகாது. நூல் திரையில் எவ்வாறு நிற்கின்றது என ஆராய்வதும் பதிப்பாராய்ச்சியின் ஒரு கூறேயாம்.

அடியின் அளவை நம் இலக்கண நூலார் இருவகையாகக் கூறினர். தொல்காப்பியர் எழுத்தெண்ணி அளந்தார்: ஒற்று நீக்கி 4 முதல் 6 எழுத்து வரை குறளடி, 7 முதல் 9 வரை சிந்தடி, 10 முதல் 14 வரை அளவடி, 15 முதல் 17 வரை நெடிலடி, 18 முதல் 20 வரை கழிநெடிலடி. யாப்பருங்கலக்காரிகை முதலிய பிற்கால நூல்கள் சீரெண்ணி அளந்தன: இருசீர் குறளடி, முச்சீர் சிந்தடி, நாற்சீர் அளவடி, ஐஞ்சீர் நெடிலடி, அதற்கு மேற்பட்டன கழிநெடிலடி. நாம் பள்ளியிற் கற்பிப்பது பிந்தியதையே. ஆயினும் திரைக்கு நெருக்கமானது முந்தியதே என்பது கருதத்தக்கது. திரை சீரை அறியாது. எழுத்தின் அகலத்தையே அறியும். தொல்காப்பியர் எண்ணாது தள்ளிய ஒற்றையும் அது எண்ணும். கொம்பையும் காலையுங்கூட எண்ணும்.

ஏட்டுச்சுவடியில் அடி பிரித்தெழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஓலையின் இடக்கோடி தொடங்கி வலக்கோடி வரை, துளைக்கு இடம் விட்டு, எழுத்து இடையறாது செல்லும். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டினின்று அச்சுக்குப் பெயர்த்தபோது, எங்கே ஓரடி முடிந்தது என்பதைத் துணிதலும் அவர் உழைப்பின் ஒரு பகுதியாயிற்று. கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் 1887 இல் அச்சேறியபின் வந்த மாணவர் தலைமுறைகள் அடியைக் கண்ணாலும் காணப் பழகின. அச்சகத்தார் இன்னுமொன்று செய்தனர். அறுசீர், எழுசீர், எண்சீர் விருத்தங்களின் அடி தாளின் அகலத்துக்கு அடங்காதபோது அதனை மடக்கி, மடங்கிய பகுதியைச் சற்று உள்ளே தள்ளிக் கோத்தனர். விளிம்பில் தொடங்குவது புதிய அடி. உள்ளே தொடங்குவது முந்தியதன் தொடர்ச்சி. இதனை எவரும் விதியாக எழுதி வைக்கவில்லை. கண் தானே கற்றுக்கொண்டது.

இனி வலைக்கு வருவோம். பக்கத்தின் பொருள் வேறு, தோற்றம் வேறு எனப் பிரித்து, தோற்றத்தைத் தனியே விதிக்கும் சீ.எஸ்.எஸ். என்னும் முறை 1994 இல் ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வகத்தில் முன்மொழியப்பட்டது. ஜெனீவா எந்த ஏரியின் கரையில் உள்ளதோ அதே ஏரியின் கரையிலுள்ள லோசான் நகரிலிருந்து கலாநிதி கல்யாணசுந்தரம் 1998 இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார் என்பதை இடையே நினைத்துக்கொள்ளலாம். அக்காலத்துத் தளம் அமைப்போர் பலர் அச்சுத்தாளையே மனத்திற் கொண்டு, திரை இத்தனை பிக்சல் அகலமென ஓரளவை நிலைநிறுத்தி, அதற்குள் எல்லாவற்றையும் அடைத்தனர். அது தவறு, வாசகன் திரைக்கேற்ப நெகிழ்வதே வலையின் இயல்பு என்று ஜோன் ஓல்சொப் என்னும் அவுஸ்திரேலியர் 2000 ஆம் ஆண்டிலேயே எழுதினார். கேட்டோர் சிலரே. 2007 இல் ஐபோன் வந்தபோது, தன் அகலத்தை அறிவியாத பழைய பக்கத்தை அது 980 பிக்சல் அகலமுடையதாகக் கொண்டு, முழுவதையும் சுருக்கி ஒரு சிறு படம்போலக் காட்டிற்று. வாசகன் விரலால் பெருக்கி, இடமும் வலமும் இழுத்து வாசிக்க வேண்டியவன் ஆனான். 2010 மே மாதத்தில் ஈதன் மார்க்கொட் என்பார் மூன்று கருவிகளை ஒன்றுசேர்த்து ஒரு முறையை வகுத்தார்: பத்திகளின் அகலத்தை விகிதத்தாற் கூறுதல், படங்களைத் தம் பத்திக்குள் அடங்கச் செய்தல், திரையின் அளவை வினவி அதற்கேற்ப விதிகளை மாற்றுதல். இன்றைய தளங்கள் பெரும்பாலும் இவ்வழியே அமைகின்றன.

இம்முறை உரைநடைக்கு மிகப் பொருந்தும். உரைநடை நீர் போல்வது. கொள்கலத்தின் வடிவைத் தான் கொள்ளும். செய்யுள் அத்தகையதன்று.

குறள் வெண்பாவை எடுத்துக்கொள்க. முதலடி நாற்சீர், ஈற்றடி முச்சீர். சாதாரணத் தொலைபேசித் திரையில், சிறிய எழுத்தில், முதலடி ஒரு வரியில் அரிதின் அடங்கும். கண்ணுக்கு இதமாக எழுத்தைச் சற்றுப் பெருக்கினால் நான்காம் சீர் கீழே விழும். அப்போது வாசகன் காண்பது முதல் வரியில் மூன்று சீர், இரண்டாம் வரியில் ஒரு சீர், மூன்றாம் வரியில் மூன்று சீர். நேரிசை வெண்பாவோ இன்னும் சிதையும். அதன் தனிச்சொல், அடி மடங்கியதால் விழுந்த சீரோடு சேர்ந்து எது எதுவென்று அறியாதபடி நிற்கும். தொலைபேசியைப் பார்த்துக் குறளை மூன்றடியாகக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவரும் மாணவரை இன்று எந்தத் தமிழாசிரியரும் காணலாம். அவரைக் கண்டிப்பதில் நியாயமில்லை. அவர் கண்டதை எழுதினார்.

இதற்கு மாற்றாகத் தளம் அமைப்போர் கைக்கொள்ளும் வழிகள் இரண்டு, இரண்டும் குறையுடையன. ஒன்று, வரியை மடங்கவே விடாது நிறுத்துதல். அடி காக்கப்படும், ஆனால் அதன் பாதி திரைக்கு வெளியே கிடக்கும். உலகளாவிய வலைச் சங்கம் 2018 இல் வெளியிட்ட அணுகுதிறன் நெறி, 320 பிக்சல் அகலத்தில் ஒரு பக்கத்தைப் பக்கவாட்டில் இழுக்காமலே வாசிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்கின்றது. நிலப்படம், அட்டவணை போல்வனவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. செய்யுளுக்கு அவ்விலக்கைக் கேட்க வேண்டிய தேவை இல்லை என்பதே எம் கருத்து. மற்றொன்று, தட்டெழுதுவோர் தாமே ஓரிடத்தில் அடியை முறித்து இரு வரியாக்கி விடுதல். இது முன்னையதிலும் தீது. அகன்ற திரையிலும் அடி முறிந்தே தோன்றும். முறிவு ஆசிரியன் செய்ததா, தட்டெழுதியவர் செய்ததா என்பது பின்னர் எவருக்கும் தெரியாது.

பழைய அச்சகத்தார் செய்ததே சரியான வழி. ஒவ்வோர் அடியையும் ஓர் அலகாகக் குறித்து, முதல் வரி விளிம்பிலும் மடங்கும் வரி இரண்டெழுத்து உள்ளேயும் தொடங்கும்படி விதித்தால் போதும். சீ.எஸ்.எஸ்.இல் இதற்கு இரண்டு வரி விதி வேண்டும்: அடி முழுவதற்கும் இடப்பக்கம் ஓர் இடைவெளி, முதல் வரிக்கு அதே அளவு எதிர்மறை உள்தள்ளல். திரை அகன்றிருந்தால் அடி மடங்காது, உள்தள்ளலும் புலப்படாது. திரை குறுகினால் மடங்கும், மடங்கியது மடங்கியதென்றே தெரியும். இத்துணை எளியது ஏன் பரவலாகச் செய்யப்படவில்லை? அடியை அடியென்று குறியாமையே காரணம். மின்னூலாக்குவோர் பலர் வரி முடிவில் ஒரு முறிவை மட்டும் இட்டுச் செல்கின்றனர். முறிவு ஒரு வெற்றிடம். அதற்கு எவ்விதியும் பற்றாது. மதுரைத் திட்டத்தின் தொண்டு பெரிது. உலகின் எந்த மூலையிலிருப்பவரும் சங்க நூலைத் தேடிப் படிக்க வழிசெய்தது அது. படமாக அன்றி எழுத்தாகவே தந்தமையால் எத்திரைக்கும் இணங்கும் தகுதியும் அதற்கு உண்டு. அத்தகுதி முழுப்பயன் தருதற்கு அடிக்குறி ஒன்றே இனி வேண்டப்படுவது.

ஏட்டில் அடி பிரிக்கப்படாதிருந்தும் முன்னோர் வாசித்தனர் அல்லரோ, இன்று மட்டும் குறை கூறுவது ஏன் என வினவலாம். ஏட்டைக் கையிற் பிடித்தவன் தனியே இருந்திலன். பாட்டு முன்பே அவன் நாவில் இருந்தது. ஆசிரியர் பக்கத்தில் இருந்தார். ஏடு நினைவூட்டும் கருவி மட்டுமே. தொலைபேசியைக் கையிற் பிடித்திருப்பவர் பெரும்பாலும் தனித்தே வாசிக்கின்றார்.

மலையகத்துக்கு இது சிறப்பாகப் பொருந்தும். ஹற்றன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவில் மேசைக் கணினிக்கு இடமில்லை, பணமும் இல்லை. ஒரு வீட்டிற்கு ஒரு தொலைபேசி, அதுவும் வேலைக்குப் போனவர் திரும்பிய பின்னரே பிள்ளையின் கைக்கு வரும். தோட்டத்திலிருந்து வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவருக்கும் நூலகம் என்பது அத்திரைதான். 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடநூல்களும் செயலட்டைகளும் பி.டி.எப். வடிவில் வட்ஸ்அப் வழியே வந்தன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். தொலைபேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 68 மில்லிமீற்றர். எனவே தாளில் 12 புள்ளி அளவான எழுத்து திரையில் 4 புள்ளிக்கும் சற்றுக் குறைவாகும். மருந்துப் பெட்டியின் அடியில் அச்சிடும் எழுத்து இதனிற் பெரிது. பெருக்கினால் ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை இழுத்து மீள வேண்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருப்பது போற்றற்குரியது. ஆயினும் அச்சுக்கு அமைத்த பக்கத்தை அப்படியே ஏற்றுதல், அகன்ற திரை உடையாருக்கே நூலைக் கொடுத்தலாம்.

நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தை இவ்வளவையால் மட்டும் அளத்தல் நீதியன்று. 2005 இல் தொடங்கிய அம்முயற்சிக்கு முன் 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த நினைவு நிற்கின்றது. நூலின் பக்கத்தை உள்ளவாறே படமாக்கிக் காத்தல் அங்கே முதற்கடன். மேலட்டையும் விளம்பரமும் கையெழுத்துக் குறிப்பும் சான்றாகும். எனினும் காக்கும் பக்கமும் வாசிக்கும் பக்கமும் வேறு. படத்தைக் காப்பகத்தில் வைத்து, அதனின்று பெயர்த்த எழுத்தை வாசகன் கையிற் கொடுத்தல் வேண்டும். படத்திலிருந்து தமிழெழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்கள் இன்று ஓரளவு தேறியுள்ளன. பிழை திருத்த ஆட்கள்தாம் வேண்டும். அது எம் போன்ற ஆசிரியர்களால் ஆகக்கூடியது.

அரசாங்கத் தளங்களைப் பற்றிச் சுருங்கக் கூறினால் போதும். 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. தளங்களில் தமிழ்ப் பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் வருவது ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆங்கிலத்தில் ‘ஃபோம்ஸ்’ என ஐந்தெழுத்தில் அடங்குவது ‘விண்ணப்பப்படிவங்கள்’ எனப் பன்னிரண்டெழுத்தாகும். பெட்டியின் அகலத்தைப் பிக்சலால் நிலைநிறுத்தியிருந்தால் சொல் வெளியே வழியும், அல்லது பாதியில் வெட்டுண்ணும். கண்டவிடத்து முறிக்குமாறு விதித்தாலோ ஒற்றெழுத்து வரியின் தலையில் வந்து நிற்கும். மொழிமுதல் ஆகாத மெய் வரிமுதல் ஆவது தமிழ்க் கண்ணுக்கு எவ்வளவு ஒவ்வாதது என்பதை அவ்விதி எழுதியவர் அறியார். குறுகிய திரைக்கும் நீண்ட சொல்லுக்கும் முதலில் அமைத்துப் பின் அகன்ற திரைக்கு விரித்தல் எளிது. மறுதலையாகச் செய்தல் கடிது. ‘முதலில் கைபேசி’ என்று இன்று வடிவமைப்போர் கூறும் கொள்கை இதுவே. மும்மொழி நாட்டில் அதனோடு ‘முதலில் நீண்ட சொல்’ என்பதையும் சேர்த்தல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றுள் வெண்பாவும் விருத்தமும் சிதைந்தாலும் மீட்கலாம். யாப்பு விதி உண்டு; தளை பார்த்து, எதுகை பார்த்து, அறிந்தவன் அடியைத் திரும்ப வகுப்பான். மீட்க இயலாதது வேறொன்று. தோட்டத்துப் பெண்கள் கொழுந்து கொய்யும்போதும் தாலாட்டும்போதும் ஒப்பாரி வைக்கும்போதும் பாடிய பாட்டுக்களுக்கு எக்காரிகையும் இல்லை. அவற்றின் அடி பாடியவர் மூச்சில் இருந்தது. பூண்டுலோயா மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றைத் தேடித் தொகுத்தார், கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளருக்காகப் பாட்டெழுதித் தாமே கூட்டங்களிற் பாடினார். இவை போல்வன திரைக்குப் பெயர்க்கப்படும்போது, ஏதோ ஒரு தொலைபேசியின் அகலம் இட்ட முறிவு அடியின் முறிவாகப் பதிந்துவிட்டால், பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அதனையே அப்பாட்டின் வடிவமெனக் கொள்வர். ஓரடி எங்கே நின்றது, எவ்வடி மீண்டும் பாடப்பட்டது, குழுவினர் எங்கே சேர்ந்தனர் என்பனவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துத் தட்டெழுத வேண்டும்; ஐயமுற்ற இடத்தில் பாடிக் கேட்டுத் துணிய வேண்டும். அவ்வாறு பாடிக்காட்டக்கூடிய மூதாட்டியர் டிக்கோயாவிலும் கொட்டகலையிலும் இன்னும் சிலர் உளர்.